இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவே ஞானேஸ்வரி

“வருசம் எத்தினை மணிக்குப் பிறக்குது அக்கா?” என்று தவமலர் கேட்டாள்.

“எந்த வருசம்?” என்று ஞானேஸ்வரி திருப்பிக் கேட்டாள். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று முறுக்கு உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“நாளைக்குப் பிறக்கிற வருசம்தான்.”

“அதுதான் கேக்கிறன், எது? மாமான்ர வருசம் ஏழு பத்துக்கு. இவற்ற வருசம் எட்டு மணி ரண்டு நிமிசத்துக்கு.”

“ஒரு வீட்டில ரண்டு வருசமோ?”

“மாமா வாக்கிய பஞ்சாங்கம். இவர் திருக்கணிதம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் துவங்கி ரண்டு பொங்கல், ரண்டு முழுக்கு. மருத்துநீரும் ரண்டு தரம்.”

“அப்ப உங்களுக்கு எது?”

ஞானேஸ்வரி எண்ணெயில் கிடந்த முறுக்கைத் திருப்பிப் போட்டாள். “ஏழு பத்துக்கு மாமாவோட சேர்ந்து பழைய வருசம் முடிஞ்சிடும். எட்டு ரண்டுக்கு இவரோட சேர்ந்து புது வருசம் துவங்கும்.”

“நடுவில?”

“நடுவில ஒண்டுமில்லை. அம்பத்திரண்டு நிமிசம் எனக்கு வருசமே இல்லை.” முறுக்கை வடியவிட்டபடி சொன்னாள்: “நாளைக்கு அந்த நேரத்தில ஆரும் தேடி வந்தா, அக்கா இப்ப எந்த வருசத்திலயும் இல்லை எண்டு சொல்லிவிடும்.”

தவமலர் சிரித்தாள். ஞானேஸ்வரி சிரிக்கவில்லை.

“சிரிச்சது காணும். சைக்கிளுக்குக் காத்துக் கிடக்கோ எண்டு ஒருக்கா அமத்திப் பாத்திட்டு வாரும், பிள்ளை.”

எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சித்திரைக்கு முதல் நாள் நடந்த பேச்சு இது. தவமலர் அந்தத் தை மாதம்தான் தபால் கந்தோர் வேலைக்காக வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு வந்து, ஞானேஸ்வரி வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தாள். காலையில் இந்த வீட்டுப் பொங்கலைப் பார்த்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போகலாம் என்று இருந்தாள். ஒரு பொங்கலைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

ஞானேஸ்வரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு. அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் எங்கேயோ பால் பொங்கி வழிகிறது என்று நினைக்கத் தோன்றும். பகலில் அவள் படுத்து யாரும் கண்டதில்லை. கணவன் பரமேஸ்வரன் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். வானொலியில் நேரம் சொல்லும்போதெல்லாம் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருத்துகிற மனிதன். ஆகவே கணக்குச் சுத்தம் என்று திருக்கணிதத்தைப் பிடித்துக்கொண்டான். மாமனார் ஏரம்பு காரியாதிகாரி கந்தோர் என்ற அரசாங்க அலுவலக வாசலில் முப்பது வருடம் சனத்துக்குப் பெட்டிசம், மனு எழுதிக் கொடுத்தவர். தன் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்ததும் செத்ததும் வாக்கியத்தில்தான் என்பது அவர் கட்சி. செத்த நேரத்தையும் பஞ்சாங்கத்தில் பார்த்தா செத்தார்கள் என்று மகன் ஒருமுறை கேட்டுவிட, ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் ஐந்து வயது மகள் கௌரி. புது வருடத்துக்கு இன்ன நிறத்தில் உடுக்கவேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்லும். அந்த வருடம் ஒன்று சிவப்பு என்றது, மற்றது பச்சை என்றது. ஞானேஸ்வரி இரண்டு சட்டை தைக்கவில்லை. முன்பக்கம் சிவப்பும் பின்பக்கம் பச்சையுமாக ஒரே சட்டையைத் தைத்தாள். அப்பப்பா ஏரம்புவிடம் ஆசீர்வாதம் வாங்க கௌரி நேரே நடந்து போனாள். அப்பாவிடம் பின்பக்கமாக நடந்து போய், தோளுக்கு மேலால் கையை நீட்டி வெற்றிலையை வாங்கினாள். அந்தக் குழந்தைக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தது.

அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தின் கதையைத் தவமலர் பிறகுதான் அறிந்தாள்.

ஞானேஸ்வரிக்குத் தாய் தகப்பன் இல்லை. கலியாணம் முடித்து வரும்போது தங்கச்சி கமலேஸ்வரியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கமலத்தை ஏரம்பு சொந்த மகளைப் போலத்தான் வளர்த்தார். தன் மருமகன் முறையான ஒருவனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த சனத்தோடு ராசு என்றொரு பொடியன் வந்தான். மண் வேலையில் கெட்டிக்காரன். வீட்டுக்குக் கிணறு வெட்ட ஏரம்புதான் அவனைக் கூப்பிட்டார். ஆறு முழம் வெட்டினான். ஏழாவது முழத்துக்கு முன்னால் கமலத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏரம்பு அந்தக் குழியை மூடவும் விடவில்லை, வேறு ஆளை விட்டு வெட்டவும் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் இன்னும் பக்கத்து வடிவம்மாவின் கிணற்றிலிருந்துதான் வந்தது. அடுத்த சித்திரை வருடப் பிறப்பன்று சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, மருமகளிடம் சத்தியம் வாங்கினார். வாயால் சொன்னால் ஓட்டை விழும் என்று நீளத்தாளில் எழுதி, அதைப் பார்த்து வாசிக்கச் சொன்னார்: “மேற்படி கமலேஸ்வரியின் வீட்டுப் படியை நடப்பு வருடத்திலோ இனி வரப்போகும் எந்த ஒரு வருடத்திலோ மிதிக்கமாட்டேன் என்று இத்தால் உறுதி கூறுகிறேன்.” ஞானேஸ்வரி வாசித்து, கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். முப்பது வருடத்தில் தான் எழுதியவற்றுள் இதுதான் மிக இறுக்கமானது என்று ஏரம்பு அன்றைக்கு நினைத்தார்.

எழுபத்தொன்பதில், ஏழு பத்துக்கு மாமனாருக்குப் பொங்கலைப் படைத்துவிட்டு, ஏழு பதினைந்துக்கு ஞானேஸ்வரி சைக்கிளில் ஏறினாள். பனையோலைப் பெட்டியில் பயற்றம் பணியாரமும் முறுக்கும். கமலம் இருந்த குடியிருப்பு முல்லைத்தீவு வீதியால் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். மிஞ்சுகிற ஏழு நிமிடத்தில் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுது, மூக்கைத் துடைத்து, அடுப்பில் என்ன கிடக்கிறது என்று சட்டி திறந்து பார்த்து, இரண்டு குறை சொல்லிவிட்டு வந்தாள். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் படலையைத் திறந்தபோது பரமேஸ்வரன் தலையில் ஓர் இலையும் காலுக்கடியில் ஓர் இலையுமாக, முழுக்குக்கு முன் தலையில் வைக்கிற மூலிகை மருத்துநீருக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

ஏரம்புவால் பொறுக்க முடியவில்லை. “எங்க போட்டு வாறாய்?”

“கமலத்திட்ட.”

“சத்தியம்?”

“சத்தியம் அப்பிடியே கிடக்கு மாமா. எந்த வருசத்திலயும் மிதிக்க மாட்டன் எண்டுதானே வாசிச்சனான். நான் போன நேரம் வருசம் எங்க இருந்தது?”

“ஏழு பத்துக்குப் புது வருசம் பிறந்திட்டுதே!”

“உங்களுக்கு. நான் உங்கட மகன்ர பெண்சாதி, எனக்கு அவரோட சேர்ந்துதானே பிறக்கும்.”

“அப்ப நீ பழைய வருசத்தில போயிருக்கிறாய்!”

“பழைய வருசத்தைத்தான் நீங்கள் ஏழு பத்துக்குக் கற்பூரம் காட்டி அனுப்பிப்போட்டியளே. அதை நான் எங்க போய்த் தேடுறது?”

ஏரம்பு மகனைப் பார்த்தார். அவள் இன்னும் பழைய வருடத்தில்தான் இருந்தாள் என்று மகன் சொன்னால் வழக்கு வென்றுவிடும். ஆனால் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டால் திருக்கணிதம் சரி என்று ஆகும். பரமேஸ்வரன் தலையில் இருந்த இலை விழாமல் அசையாது நின்றான். புது வருடம் பிறந்துவிட்டது, அதனால் அவள் செய்தது பிழை என்று அவன் சொன்னால் வாக்கியம் வென்றதாகிவிடும். ஞானேஸ்வரி கணவனின் தலையில் மருத்துநீரை வைத்தாள். சைக்கிள் சில்லுக்கு முதல் நாளே கட்டியாகக் காற்றடித்து வைத்தது அவன்தான் என்பதை மாமனாரும் அறிவார்.

எண்பதாம் ஆண்டு நடுமத்தியானத்தில் வருடம் பிறந்தது. தார் ரோட்டு வெயிலில் போய், தண்ணீர் கூடக் குடிக்க நேரமில்லாமல் திரும்பி வந்தாள். அந்த வருடம் ஏரம்பு ஒன்றும் கேட்கவில்லை. “மிஞ்சின பனங்கட்டி கெட்டுப்போகப் போகுது, ஆருக்காவது குடுக்கலாமே” என்று மட்டும் வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

எண்பத்தோராம் ஆண்டு மாசியில்தான் வினை வந்தது. ஏரம்புவுக்கு மலேரியாக் காய்ச்சல். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் பரமேஸ்வரன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “எழும்புங்கோ அப்பு. இந்தமுறை உங்கட பஞ்சாங்கத்திலயே செய்வம்” என்று விம்மினான். ஏரம்பு அதைக் கேட்டுத்தான் எழும்பினார் என்று வடிவம்மா ஊரெல்லாம் சொன்னாள். எழும்பியவர் பால்கஞ்சி குடித்துவிட்டு, “வேண்டாம் மேனை. உன்ர பஞ்சாங்கத்திலயே செய்வம்” என்றார்.

“இல்லை அப்பு, உங்கட.”

“நான் சொல்லுறன், உன்ர.”

பத்து நாள் இதே சண்டை. குரல் உயர்ந்தது, கதவு அடித்துச் சாத்தப்பட்டது, சாப்பாடு வேண்டாம் என்று ஒருமுறை எழும்பியும் போனார்கள். முன்னைய சண்டையை விட இது மோசமாக இருந்தது. ஞானேஸ்வரி மட்டும் பாடிக்கொண்டு மா இடித்தாள். “இப்ப மாமா இவற்ற எட்டு இருவதுக்கு நிக்கிறார், இவர் மாமான்ர ஏழரைக்கு நிக்கிறார். மாறிக் கிடந்தா என்ன? நடுவில இருக்கிறது நடுவிலதானே கிடக்கும்” என்று தவமலரின் காதில் சொன்னாள்.

வடிவம்மா வந்து அதையும் கெடுத்தாள். “சீட்டுப் போட்டு எடுங்கோவன்” என்றாள். கௌரி எடுத்தாள். வாக்கியம். பின்னேரம் ஏழரை. தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள்.

“நீ குடுத்து வைச்சனி ஞானம்” என்றாள் வடிவம்மா. “இனி ஒரு பொங்கல், ஒரு முழுக்கு. முதுகு நிமிர்த்தலாம்.”

ஞானேஸ்வரி குசினிக்குள் போய் அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று வீடே சொன்னது.

அவளுக்கு அழ ஒரு காரணம் இருந்தது. தபால் கந்தோரில் தவமலர் பிரித்த கட்டுக்குள் அவளுக்கு ஒரு தபால் அட்டை வந்திருந்தது. மூன்று கட்டைத் தூரத்திலிருந்து கிளிநொச்சி போய், அங்கிருந்து திரும்பி வந்த அட்டை. கமலத்தின் எழுத்து. மாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவது வருடப் பிறப்புக்கு முதல் கிழமை. “அக்கா வந்து கட்டினால்தான் ஏணை. அதுவரைக்கும் பிள்ளை பாயிலதான் கிடக்கும். எறும்பு வருகுது. வருசத்துக்கு வருவாய்தானே” என்று எழுதியிருந்தாள்.

ஏணை என்கிற தூளிக்குப் பழைய நூல் சேலைதான் நல்லது. குழந்தையின் தோலை உரசாது. கூரை வளையில் கட்டித் தொங்கவிடுகிற அந்தச் சேலையைத் தாய் வீட்டு மனிசர் கட்டவேண்டும். கமலத்துக்குத் தாய் வீடு என்று இருந்தது ஞானேஸ்வரி ஒருத்திதான். சேலையை அவள் மூன்று தரம் தோய்த்துக் காயவைத்திருந்தாள். கௌரியின் பழைய சட்டைகளில் வெட்டி எடுத்த சிவப்பும் பச்சையுமான துண்டுகளை ஒட்டுப்போட்டு, உள்ளே விரிக்க ஒரு சின்ன மெத்தை விரிப்பும் தைத்து வைத்திருந்தாள். எல்லாம் இருந்தது. போக நேரம்தான் இல்லை.

“அக்கா, சத்தியம்தானே. ஒருக்கா மீறினா என்ன?” என்று தவமலர் கேட்டாள்.

“கற்பூரத்தில அடிச்சது, பிள்ளை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள சத்தியத்தை மீறிக்கொண்டு போவினமோ?”

அதற்குப் பிறகு அவள் பாடுபட்டதெல்லாம் பழைய சண்டையைத் திரும்பக் கொண்டுவரத்தான். மாமனாருக்குத் தேநீர் கொடுக்கும்போது, “உங்கட பஞ்சாங்கம் சூரியனுக்கு அம்பது நிமிசம் பிந்தியோ முந்தியோ எண்டு இவர் கடையில ஆரிட்டயோ கதைச்சவராம்” என்றாள்.

“அவன் படிச்சவன், சொல்லுவான்தானே” என்று ஏரம்பு பெருமைப்பட்டார்.

கணவனிடம், “உங்கட மணிக்கூட்டை மாமா விளையாட்டுச் சாமான் எண்டவர்” என்றாள்.

“வயசு போனவர், சொல்லட்டும்” என்று அவன் கடிகாரத்தைக் கழற்றித் தகப்பனின் கையிலேயே கட்டிவிட்டான். அன்றிலிருந்து வானொலி நேரம் சொன்னதும் முள்ளைத் திருத்துகிற வேலையை ஏரம்பு செய்தார். இருவரும் ஒரே தட்டில் மாம்பழம் சாப்பிட்டார்கள். ஞானேஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கௌரிக்கு முழுதும் சிவப்பில் ஒரு சட்டை தைத்தாள். மனம் அதில் இல்லாததால் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைக்கவும் இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு கையுள்ள சட்டை பலகாரப் பெட்டிக்கு மேல் கிடந்தது.

தவமலர் அதிகம் கதைக்கிறவள் அல்ல. மனதில் ஒன்று தோன்றினாலும் அதைச் சொல்ல இரண்டு நாள் எடுக்கும். அவளுடைய தகப்பன் மதவாச்சியில் கடை வைத்திருந்த காலத்தில் அவள் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு வவுனியாவுக்கு வந்து தமிழில் படித்தவள். தபால் கந்தோருக்கு வருகிற சிங்களப் பேப்பரை வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான். வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் அதில் நேரங்கள் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, வருடப் பிறப்பன்று காலை, கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றபோது சொன்னாள்:

“அக்கா, சிங்களப் பஞ்சாங்கத்தில நடுவில ஒரு நேரம் இருக்கு. நோனகத எண்டு சொல்லுவினம். பழைய வருசம் போட்டுது, புதுசு இன்னும் வந்து சேரேல்லை. அந்த நேரத்தில ஒரு வேலையும் செய்யமாட்டினம், அடுப்பும் மூட்டமாட்டினம். எந்த வருசத்துக்கும் சேராத நேரம்.”

ஞானேஸ்வரியின் கையிலிருந்த அகப்பை நின்றது. “எத்தினை நிமிசம்?”

“நிமிசமில்லை அக்கா. பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம். இண்டைக்குப் பின்னேரம் ரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால துவங்குது.”

ஐம்பத்திரண்டு நிமிடத்தை வைத்து வாழ்ந்தவளுக்கு அவ்வளவு நேரத்தை ஒரே மூச்சில் தாங்க முடியவில்லை.

அவள் ஒளித்துப் போகிற ஆள் அல்ல. பேப்பரை நேரே ஏரம்புவிடம் கொண்டு போனாள். ஏரம்பு கண்ணாடியைப் போட்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை வாசித்தார்.

“இது அவையின்ர வருசமெல்லே?”

“சூரியன் ஒண்டுதானே மாமா.”

“பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம் வருசமே இல்லையோ?” அவர் தவமலரைப் பார்த்தார். “கந்தோருகளுக்கு?”

“லீவு ஐயா.”

“அப்ப அரசாங்கமும் ஏற்றுக்கொண்டிருக்கு.” பெட்டிசம் எழுதிய முப்பது வருடம் அவருக்குள் எழும்பி உட்கார்ந்தது. “வாய்ச்சொல் காணாது. மொழிபெயர்ப்பு வேணும். எழுதும் பிள்ளை. கீழ கையொப்பமும் திகதியும் வையும். கந்தோர் முத்திரை குத்தலாமோ?”

“அது ஏலாது ஐயா.”

“சரி, கையொப்பம் காணும்.”

தவமலர் நீளத்தாளில் தமிழில் எழுதிக் கையொப்பம் வைத்தாள். ஏரம்பு அதை வாசித்துவிட்டு, பழைய சத்தியத் தாளை எடுத்து இரண்டையும் அருகருகே பிடித்தார். உதடு அசைந்தது. “எந்த ஒரு வருடத்திலோ... எந்த ஒரு வருடத்திலோ...” பிறகு இரண்டையும் மடித்தார். “எழுதினவன் நாள் எண்டு எழுதியிருக்கவேணும். விசரன்.”

பரமேஸ்வரனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அடுப்பு மூட்டக்கூடாதெண்டா, தேத்தண்ணி?”

“இல்லை” என்றாள் ஞானேஸ்வரி.

“சைக்கிள் மிதிக்கிறது வேலையில்லையோ?”

“எனக்கு ஏணை கட்டுறதும் வேலையில்லை, சைக்கிள் மிதிக்கிறதும் வேலையில்லை. இஞ்ச நிண்டாத்தான் வேலை.”

இரண்டு மணிக்கு ஞானேஸ்வரி மிதிக்க, தவமலர் சேலை மூட்டையையும் பலகாரப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பின் கரியரில் இருந்து போனாள். முதல் தடவையாக ஞானேஸ்வரி மெதுவாக மிதித்தாள். ரோட்டோரத்தில் ஒரு மாடு கன்றை நக்குவதைப் பார்க்கக்கூட நிறுத்தினாள். “போன ரண்டு தரமும் இதில ஒரு பாலம் இருக்கிறதே எனக்குத் தெரியாது” என்றாள்.

கமலம் வாசலில் நின்று, “ஓடி வா அக்கா, நேரம் போகுது!” என்று கத்தினாள்.

“நேரம் கிடக்கு” என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி வாசலில் நின்று காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். முன்பு அதற்கும் நேரம் இருந்ததில்லை.

ராசு தூணைப் பிடித்து ஏறிச் சேலையை வளைக்கு மேலால் போட, அவள் அதை முடிந்தாள். கையால் தொங்கிப் பார்த்தாள். பிறகு கணவன் இருநூறு இறாத்தல் மூட்டையைக் கட்டுகிற முடிச்சைப் போட்டு மறுபடி தொங்கினாள். சிவப்பும் பச்சையுமான விரிப்பை உள்ளே போட்டுக் குழந்தையைக் கிடத்தினாள். குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டுத் தூங்கிவிட்டது. ஒரு மாதமாகப் பாயில் கிடந்த பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு தவமலர் கண்டதுதான் அவளுக்கு என்றைக்கும் மறக்காத காட்சி. ஞானேஸ்வரி ஏணைக்குக் கீழே பாயை இழுத்துப் போட்டு, கையை மடித்துத் தலைக்கு வைத்து, படுத்துக்கொண்டாள். கமலம் அடுப்படிப் பக்கம் போனபோது, “அடுப்பு மூட்டக்கூடாது, வந்து இரு” என்று அதட்டினாள். அக்காவும் தங்கச்சியும் முறுக்கைக் கடித்துக்கொண்டு, யாரையோ பற்றி மெதுவாகக் கதைத்துச் சிரித்தார்கள். பட்டப்பகல் மூன்றரை மணி.

நாலு மணிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. பரமேஸ்வரன் மிதிக்க, முன் பாரில் கௌரி ஒரு பக்கத்தில் இரண்டு கையுள்ள சட்டையோடு, பின் கரியரில் ஏரம்பு குடை பிடித்தபடி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏரம்பு இறங்கி, வேட்டியை உதறி, நேரே படியில் ஏறி உள்ளே வந்தார்.

“மாமா!” என்றாள் ஞானேஸ்வரி. “சத்தியம்?”

“சத்தியம் பண்ணினது நீ. நான் எங்க பண்ணினனான்?”

“அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் வந்திருக்கலாமோ?”

“ஆர் கூப்பிட்டது?” என்றார் ஏரம்பு. பிறகு ராசுவின் பக்கம் திரும்பி, தான் வந்த காரியத்தைச் சொன்னார். “கிணறு ஆறு முழத்தோட நிக்குது.”

ராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “தெரியுங்கய்யா. நாளைக்கே வந்து வெட்டிக் குடுத்திடுறேங்க.”

“நாளைக்கு எண்டு சும்மா துவங்கேலாது. நல்ல நேரம் பாக்கவேணும்.”

“எந்தப் பஞ்சாங்கத்திலங்கய்யா?”

ஏரம்பு மகனைப் பார்த்தார். மகன் தகப்பனைப் பார்த்தான். ஏரம்பு ஏணைக்குள் எட்டிப் பார்த்து, “மூக்கு கமலத்தின்ர மூக்கு” என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் ஏரம்பு வீட்டார் எல்லோரும் வீட்டுக்கு வந்து, ஏழரைக்கு வாக்கியத்தின் வருடம் பிறந்துவிட்டது என்று அடுப்பை மூட்டி ஒரே பொங்கல் பொங்கினார்கள். கௌரி அப்பாவிடம் பழக்கதோசத்தில் பின்பக்கமாகத்தான் நடந்து போனாள்.

ராசு வந்து கிணற்றை வெட்டினான். பதினோராவது முழத்தில் தண்ணீர் வந்தது. கமலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நினைத்த நேரம் வந்து போனாள். அவள் வரக்கூடாது என்று எந்தத் தாளிலும் இருக்கவில்லை. ஒரு நாள் ஏரம்பு சத்தியத் தாளை வெளியே எடுத்து, “இதை நான் எழுதினனான், நானே கிழிக்கலாம்” என்றார்.

“கிழிக்காதேங்கோ மாமா” என்று ஞானேஸ்வரி பதறிப்போய் அதை வாங்கினாள். “எழுதினது நீங்கள். அடிச்சது நான். சத்தியம் சத்தியம்தான்.” தாளை மடித்து அலுமாரிக்குள், சேலைகளுக்குக் கீழே, நகைப் பெட்டி வைக்கிற இடத்தில் வைத்தாள்.

தங்கச்சி வீட்டுப் படியை அவள் மற்ற நாட்களில் மிதிக்கவே இல்லை. கூப்பிட்டாலும் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தவமலர் மொழிபெயர்த்துக் கையொப்பம் வைத்துக் கொடுத்த நேரத்துக்கு, அடுப்பை அணைத்துவிட்டு ஏணைக்குக் கீழே படுக்கப் போனாள். வீட்டில் தேநீர் கேட்கிறவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

எண்பத்திரண்டு மார்கழியில் தவமலருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. பெட்டியைக் கட்டி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஞானேஸ்வரி பலகாரப் பெட்டியை அவள் கையில் கொடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏரம்பு தூரத்தில் புதுக் கிணற்றுக்கட்டின் மேல் இருந்தார்.

“ஒண்டு சொன்னாச் செய்வீரோ?”

“சொல்லுங்கோ அக்கா.”

“எங்க மாறிப் போனாலும் சித்திரைக்கு முதல் அந்தச் சிங்களப் பேப்பரைப் பாத்து, நேரத்தை ஒரு தபால் அட்டையில எழுதிப் போட்டிடும். கையொப்பமும் வையும், மாமா கேப்பார்.” குரலைத் தாழ்த்தினாள். “எப்பவாவது நேரம் குறைவாக் கிடந்தா, நீரே பாத்துக் கொஞ்சம் கூட்டி எழுதும், பிள்ளை.”